கணக்கில் வராத இட்லி

நாய்க்குக் கீழ்த்தாடையின் முன்பகுதி எதற்கு என்று என்னைக் கேட்டால், எச்சில் தரையில் சிந்தாமல் பார்த்துக்கொள்ள என்றுதான் சொல்வேன். குரைக்க அது தேவையில்லை. தின்னத் தேவையில்லை. வாலாட்டச் சுத்தமாகத் தேவையில்லை. வேலைக் காலம் முழுவதும் நாய்களின் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் சொல்கிறேன், நம்பலாம்.

நான் ஓய்வு பெற்ற அதே வாரத்தில்தான், திருப்பதியில் எங்கள் நாய் மருத்துவமனைக்கு ஸ்கேன் இயந்திரம் வந்து இறங்கியது. எனக்கு ஒரு மாலை போட்டார்கள். அதற்கும் ஒரு மாலை போட்டார்கள். அதன் மாலை கொஞ்சம் பெரியது. எலும்பைக் கத்தரிக்காய் நறுக்கியதுபோல் வில்லை வில்லையாகத் திரையில் காட்டுகிறது. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்ட இளைய டாக்டர்களில் ஹரிதா என்ற பெண், "மேடம், இது இல்லாத காலத்துல தாடையை எது வரைக்கும் வெட்டணும்னு எப்படி முடிவு பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"எக்ஸ்ரே, ஒரு ஸ்கேல், ராவ் சார்" என்றேன்.

சிரித்தார்கள். ராவ் சாரைப் பற்றிப் பாதி சொல்வதற்குள் கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதியை எழுதித் தரச் சொல்லி அன்றிலிருந்து நச்சரிக்கிறார்கள். எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி என்பதால், முதலிலிருந்தே வருகிறேன்.

சித்தூரில் பழைய மிஷன் சர்ச்சுக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்தேன். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம், மாட்டுக் கொட்டகையில் மூன்றும். கால்நடை மருத்துவம் படித்து முடித்த புதிதில் வெதுருகுப்பம் பக்கம் எருமைகளிடம் உதை வாங்கினேன். பிறகு மயக்க மருந்து கொடுப்பதைத் தனியாகக் கற்றுக்கொண்டு திருப்பதிக்கு வந்து சேர்ந்தேன். தூங்க வைப்பது சுலபம், எழுப்புவதுதான் வேலை என்பதை எல்லோரையும்போல நானும் பயந்து பயந்து கற்றுக்கொண்டேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்குமேல் சொன்னால் எனக்கே தூக்கம் வரும்.

அங்கே அறுவை செய்தவர் டாக்டர் கோதண்டராம ராவ். நாயின் வாயில் வரும் கட்டி என்றால் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அவரிடம்தான் அனுப்புவார்கள். பெரிய உருவம், சின்னக் குரல். தமிழ் நன்றாகப் பேசுவார். கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவார். எந்த நாயின் வாயையும் அதனிடம் அனுமதி கேட்காமல் திறந்ததில்லை. தெருவிலிருந்து தூக்கி வந்த சொறிநாயாக இருந்தாலும் பெயருக்குப் பின்னால் 'காரு' போட்டு, "ஏமண்டி டைகர் காரு, கொஞ்சம் வாயைத் திறக்கறீங்களா?" என்பார். திறக்காவிட்டால் காத்திருப்பார். நாயை வளர்ப்பவர்களுக்கு இந்த மரியாதையில் கால் பங்கு கிடைத்தால் அதிகம்.

அவருக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. முதல் சட்டம் ஸ்கேல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் சின்ன எஃகு ஸ்கேல் ஒன்றைக் கத்தி, கத்தரிகளோடு சேர்த்து வேகவைத்துத் தட்டில் வைத்திருப்பார். கட்டி முடிகிற இடத்தைக் கண்ணாலும் எக்ஸ்ரேயாலும் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து நல்ல எலும்பில் ஒரு சென்டிமீட்டர் அளந்து கோடு போடுவார். நோய் தெரிகிற இடத்தோடு நிற்காது, கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் தள்ளியும் போயிருக்கும் என்பது கணக்கு. "முக்காலே போதுமே சார்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அந்தக் கால் சென்டிமீட்டரை நீ வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் என்ன செய்யப்போறே?" என்று கேட்டார்.

இரண்டாம் சட்டம் டிபன். தாடையில் அறுவை செய்த நாய், மறுநாள் காலை தானாக முதல் வாய் தின்னும்வரை, அறுவையில் நின்ற யாருக்கும் டிபன் கிடையாது, அவருக்கும் கிடையாது. "நமக்குப் பசிச்சாதான், அது ஏன் சாப்பிடலைன்னு நம்ம மூளை வேலை செய்யும்" என்பார். பெரும்பாலான நாய்கள் எங்கள்மேல் இரக்கம் வைத்து விடிந்ததுமே தின்றுவிடும். நாய் நக்கும் சத்தம் கேட்டவுடன் காபி டம்ளர்களின் சத்தமும் கேட்கும்.

வாயில் வரும் கட்டி என்றதும் எல்லோரும் புற்றுநோய் என்றே நடுங்கி வருவார்கள். அப்படியில்லாத கட்டிகள் நிறைய உண்டு. நான் சேர்ந்த புதிதில் ஒரு போலீஸ்காரர் தன் லாப்ரடார் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். உதட்டின் உள்பக்கமெல்லாம் குட்டிக் குட்டிக் காலிபிளவர். ராவ் சார் பார்த்துவிட்டு, "பால் மரு. தானா உதிரும். வீட்டுக்குப் போங்க" என்றார். போலீஸ்காரருக்கு ஏமாற்றம். "இவ்வளவு தூரம் வந்ததுக்கு ஒண்ணையாவது வெட்டுங்க சார்" என்றார். ராவ் சார் வெட்டவில்லை. சில வாரம் கழித்து வாய் கண்ணாடிபோல் சுத்தமாகிவிட்டது. போலீஸ்காரர் திரும்பி வந்து, மருவையெல்லாம் குட்டி விழுங்கியிருக்குமோ என்று சந்தேகப்பட்டார். "இருக்கலாம் சார், கேஸ் போடுங்க" என்றார் ராவ் சார். எதையும் செய்யாமல் இருப்பதும் ஒரு சிகிச்சை என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான்.

இன்னொரு வகை, வயதான நாய்களின் பல் ஈறில் காம்போடு தொங்கும் சதை. காம்போடு எடுத்து, அடியைச் சுட்டு, ஈறைச் சீர் செய்தால் முடிந்தது. ஆனாலும் எடுத்த சதையை ஆய்வகத்துக்கு அனுப்பாமல் விடமாட்டார். முகத்தைப் பார்த்து நல்லவன் கெட்டவன் சொல்ல நாம் என்ன ஜோசியர்களா என்பார்.

மூன்றாவது வகைக்கு நாயைவிட நீளமான பெயர்: அகாந்தோமேட்டஸ் அமெலோபிளாஸ்டோமா. இதுவும் புற்று அல்ல. நுரையீரலுக்கோ ஈரலுக்கோ போகாது. ஆனால் தான் உட்கார்ந்திருக்கும் எலும்பைக் கரையான் கதவு நிலையைத் தின்பதுபோல் தின்றுகொண்டே இருக்கும். மேலோடு சீவி எடுத்தால் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வரும். அது நிற்கிற எலும்போடு சேர்த்து எடுத்துவிட்டால், அவ்வளவுதான், ஆயுளுக்கும் தொல்லை இல்லை. இவ்வளவு பெரிய வெட்டும் இவ்வளவு நல்ல முடிவும் ஒன்றாக வருகிற நோய் வேறு ஒன்று எனக்குத் தெரியாது.

கலெக்டர் இந்த மூன்றாம் வகையோடுதான் எங்களிடம் வந்தது.

கலெக்டர் ஒரு செம்பழுப்பு நாட்டு நாய். கங்காதர நெல்லூரில் ஆசீர்வாதம் என்பவரின் மாந்தோப்பில் குரங்கு விரட்டும் உத்தியோகம். குட்டியாக இருந்தபோது, தோப்பைப் பார்வையிட வந்த அதிகாரிக்காகப் போட்ட நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்ததால் அந்தப் பெயர். கீழ் முன்பற்களுக்கு நடுவே எலுமிச்சை அளவில் கட்டி. பற்கள் விலகிப்போய், தண்ணீர் குடித்தால் தண்ணீர் சிவந்தது. ஊரில் யாரோ அதை ஒருமுறை மேலோடு அறுத்துவிட்டிருந்தார்கள். அது திரும்ப வந்திருந்தது. நாங்கள் ஒரு துணுக்கு எடுத்து அனுப்பினோம். நீளப் பெயரோடு அறிக்கை வந்தது.

ஆசீர்வாதம் அறுபதைத் தாண்டியவர். சர்ச் கமிட்டிச் செயலாளர். பக்கவாட்டில் பெரிய பை வைத்துத் தைத்த வெள்ளைச் சட்டை, முகத்தில் எப்போதும் கமிட்டிக் கூட்டத்துக் களை. ராவ் சாரிடம் தெலுங்கில் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு வெளியே வந்து, நானும் சித்தூர்க்காரிதான் என்று தெரிந்ததால், என்னிடம் தமிழில் தனியாகக் கேட்டார்.

"ஏம்மா, தாடையை எடுத்துட்டா அது எப்டிம்மா துன்னும்?"

"முன்பக்கம் மட்டும்தான் ஐயா எடுப்போம். பின்பல்லு எல்லாம் அப்படியே இருக்கும். நாக்கு இருக்குது. நல்லா துன்னும்."

"எங்க அண்ணனுக்கு வாயில புத்து. தாடையை எடுத்தாங்க. அவருக்கும் இப்படித்தான் சொன்னாங்க. கடைசி வரைக்கும் மூக்குல குழாய் வெச்சு கஞ்சி ஊத்துனோம். நான்தான் ஊத்துனேன். சோத்துத் தட்டை எடுத்துக்கினு அவர் எதிர்ல போக மாட்டேன், அவர் கண்ணைப் பாக்க முடியாது. இதையும் அப்படி வெச்சுப் பாக்க என்னால ஆவாது. நீங்க வெட்டுங்க. ஆனா என் கண் முன்னால அது தானா துன்னணும். துன்னலன்னா ஊசி போட்டு அனுப்பிடுங்க."

ராவ் சாரிடம் சொன்னேன். உடனே ஒப்புக்கொண்டார். ஆசீர்வாதம் போன பிறகு, "துன்னும்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும்" என்றார். "கலெக்டர் காருக்குத் தெரியணுமே."

அறுவைக்கு முந்தின இரவிலிருந்து ஆகாரம் கூடாது, மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து என்று வீட்டாருக்கு நானே விளக்கினேன். நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. புரிந்துகொண்டு ஒருபடி மேலேயும் போனார்கள். நாய் பட்டினி கிடக்கும்போது நாம் தின்பதா என்று, வீடு மொத்தமும் கலெக்டருக்காக உபவாச ஜெபம் இருப்பதென்று முடிவு செய்தார்கள். சபை பாஸ்டரும் சேர்ந்துகொண்டார்.

அறுவை நாளன்று காலை ஒரு வேன் வந்து நின்றது. ஆசீர்வாதம், அவர் மனைவி ரூத்தம்மா, மகள் ஷீலா, ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கும் மருமகன் பிரின்ஸ், பாஸ்டர். நடுவில் கலெக்டர். அறுவை முடிந்ததும் உபவாசத்தை முடிக்க ஒரு பெரிய டிபன் கேரியர். எல்லோர் முகமும் வாடியிருந்தது; கலெக்டர் முகம் மட்டும் தெளிவாக இருந்தது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

"ராத்திரியிலிருந்து எதுவும் குடுக்கலதானே?" என்று கேட்டேன்.

"சொட்டுத் தண்ணி இல்லம்மா" என்றார் ஆசீர்வாதம்.

மயக்கத்துக்கு முன்னால் போடும் அமைதி ஊசியைப் போட்டேன். அந்த ஊசிக்குச் சில நாய்களைக் குமட்ட வைக்கும் குணம் உண்டு. கலெக்டர் ஒருமுறை எல்லோரையும் சுற்றிப் பார்த்தது. பிறகு, வராந்தாவின் நட்டநடுவே, சபையார் முன்னிலையில், எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தது.

ராவ் சார் குனிந்தார். இடுக்கியை எடுத்தார். கட்டியின் காரணமாக மெல்லாமல் விழுங்கியிருந்ததால் எல்லாம் எண்ணக்கூடிய நிலையில் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார்.

"இட்லீ" என்றார். "மள்ளீ இட்லீ." 'மறுபடியும் இட்லி' என்பதைத் தெலுங்கில் சொல்கிறார் என்றதும் எங்கள் ஆட்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். "யாரு குடுத்தது?"

ஷீலா கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல்.

"ஒண்ணே ஒண்ணு டாக்டர். நாம எதுக்கு உபவாசம் இருக்கோம்னு நமக்குத் தெரியும், அதுக்குத் தெரியாதுல்ல? என் மூஞ்சியையே பாத்துக்கினு குந்தினு இருந்துச்சு."

"எப்படி குடுத்தே, நாங்க யாருமே பாக்கலியே?" என்றார் ரூத்தம்மா.

"ரயில்வே கேட்டுல வண்டி நின்னப்போ பாஸ்டரய்யா ஜெபம் பண்ணாரே, அப்போ. எல்லாரும் கண்ணை மூடிக்கினு இருந்தீங்க."

"அடிப்பாவி, ஜெபத்துல கண்ணைத் தொறந்தியா?"

"அத்தை, அடுத்த ஜெபத்துல நீங்க தொறந்தீங்க" என்றார் பிரின்ஸ். "கேரியர்ல கையை வுட்டீங்க. நான் பாத்தேன்."

"நீ எதுக்குப் பாத்தே?"

பிரின்ஸ் தட்டைப் பார்த்தார். "நான் உங்களுக்கு முன்னாடியே கையை வுட்டுட்டு, மூடியைச் சத்தமில்லாம மூடிக்கினு இருந்தேன்."

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "நான் குடுத்தது பிஸ்கட்டு மட்டும்" என்றார். "இட்லி இல்லை."

நானும் சர்ச்சில் வளர்ந்தவள். அவ்வளவு ஒழுங்கான பாவ அறிக்கையை எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. எங்கள் ஆட்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் எக்ஸ்ரே அறைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்தியும் கேட்டது.

ஆசீர்வாதம் வெடித்தார். "வெக்கமா இல்ல உங்களுக்கு? டாக்டரம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்க இல்ல? பாஸ்டரய்யா, நீங்களுமா?"

ராவ் சார் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கோபம் போய் வேறொரு கவலை வந்திருந்தது. "ஒப்புக்கிட்டது மூணு இட்லி. தட்டுல நாலு இருக்கு. ஒண்ணு கணக்குல வரலியே."

எல்லோரும் பாஸ்டரைப் பார்த்தார்கள். "பிஸ்கட்டுதான்" என்றார் பாஸ்டர் மறுபடியும், இம்முறை கொஞ்சம் பாவமாக.

அன்று அறுவை இல்லை என்று சொன்னேன். வயிறு காலியாகி, நாளைக்குத்தான். ஆசீர்வாதம் நாயின் சங்கிலியைக் கையில் எடுத்தார்.

"இன்னிக்கு இல்லன்னா வேணாம். வண்டியில ஏறுங்க."

"நைனா!" என்றாள் ஷீலா.

"இன்னிக்குன்னு மனசைக் கல்லாக்கிக்கினு வந்தேன். இன்னொரு தபா என்னால ஆவாது. கட்டியோட இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்."

கட்டியோடு இருந்தால் எவ்வளவு நாள் என்று எங்களுக்குத் தெரியும். இன்னும் சில மாதத்தில் தாடை தானாகவே முறியும். அதன்பிறகு ஊசி ஒன்றுதான். நான் ராவ் சாரைப் பார்த்தேன். அவர், "ராணி காருவைக் காட்டிட்டு வா" என்றார்.

ஆட்டோ பிடித்து ஆசீர்வாதத்தை அலிபிரிக்கு அழைத்துப் போனேன். ஏன் என்று கேட்டார். ஒரு நாயைப் பார்க்க என்றேன். நாய்க்காக வந்த இடத்தில் இன்னொரு நாயா என்று முணுமுணுத்தார். மலைக்கு நடந்து போகிறவர்கள் கூடும் இடத்தில் இளநீர் வண்டி வைத்திருக்கும் சுந்தரம்மாவின் நாய்தான் ராணி. முந்தின வருடம் இதே கட்டிக்காக நாங்கள் அதன் கீழ்த்தாடையின் முன்பகுதியை எடுத்திருந்தோம். வண்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தது. மேல்வாய் முழுசாக, கீழே ஒன்றுமில்லாமல், நாக்கு ஒரு பக்கமாக ரிப்பன்போல் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது துன்னுதா?" என்று கேட்டார் ஆசீர்வாதம்.

சுந்தரம்மா தமிழ் பக்தர்களிடம் வியாபாரம் செய்து தமிழ் பேசக் கற்றவர். "துன்னுதாவா? முன்ன இவளை யாரு சாமி திரும்பிப் பாத்தாங்க? இப்ப நாக்கைத் தொங்கப்போட்டுனு நிக்கறா. ஐயோ பாவம்னு மலை ஏறுறவனும் குடுக்கறான், இறங்குறவனும் குடுக்கறான். டாக்டரம்மா, இவளுக்கு உடம்பு எறங்க ஏதாச்சும் மருந்து குடுங்க" என்றார்.

வெட்டிய இளநீரின் வழுக்கையைத் தேங்காய் ஓட்டோடு ஆசீர்வாதத்தின் கையில் கொடுத்தார். அவர் குந்தி உட்கார்ந்து நீட்டினார். ராணி தலையைச் சாய்த்து, மேல்பல்லால் வழித்து, நாக்கால் சுருட்டி, உள்ளே தள்ளியது. பிறகு அவர் கையை முழங்கை வரை நக்கிச் சுத்தம் செய்தது. அவர் அதன் உதட்டை விரலால் தூக்கி உள்ளே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

ஆட்டோவில் பாதி வழி திரும்பியபோது, "தாடையே இல்ல அதுக்கு" என்றார்.

"முன்பக்கம் மட்டும்தான் ஐயா."

"குண்டா கீது."

"ஆமாங்க."

"நாளைக்குப் பண்ணுங்கம்மா. ஆனா நான் சொன்னது சொன்னதுதான். எங்க கலெக்டர் என் கண் முன்னால துன்னணும்."

அன்றிரவு கலெக்டரை எங்கள் வார்டிலேயே வைத்துக்கொண்டோம். அறைச் சாவியை ராவ் சார் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பாஸ்டர் உட்பட யாருக்கும் அனுமதியில்லை என்று அறிவித்தார். வீட்டார் திருப்பதியில் உறவினர் வீட்டில் தங்கினார்கள்.

மறுநாள் கலெக்டர் என் கையில் அழகாகத் தூங்கியது. மூச்சுக்குழாயில் குழாய் போட்டு, தொண்டையில் ஈரத் துணிச்சுருளை அடைத்தேன். இரத்தம் உள்ளே இறங்கக் கூடாது. தாடை நரம்பு வெளிவரும் இரண்டு பக்கத்துத் துளைகளிலும் மரத்துப்போகும் ஊசி போட்டேன். எழுந்த பிறகும் வலி தெரியக் கூடாது. ராவ் சார், "கலெக்டர் காரு, உங்க உத்தரவு" என்று சொல்லிவிட்டு ஸ்கேலை எடுத்தார். கட்டியின் ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர். கோடு, கீழ்க் கோரைப்பற்கள் இரண்டுக்கும் பின்னால் விழுந்தது.

கோட்டின்மேல் ஈறை வெட்டி, சதையை எலும்பிலிருந்து ஆரஞ்சுத் தோல் உரிப்பதுபோல் விலக்கினார். பிறகு ரம்பம். எலும்பு சூடாகாமல் இருக்கக் குளிர்ந்த உப்புநீரைச் சொட்டு சொட்டாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இந்த அறுவையில் பயப்பட வேண்டிய இடம் ஒன்றுதான்: எலும்புக்குள்ளே ஒரு சுரங்கம், அதில் ஓர் இரத்தக்குழாய். ரம்பம் அதைத் தாண்டியதும் சிவப்பாகப் பீய்ச்சியது. அந்தப் பெரிய மனிதரின் விரல்கள் அவசரமே படாமல் அதைப் பிடித்துக் கட்டின. மறுபக்கமும் அப்படியே. கட்டியும் எலும்பும் பற்களும் சேர்ந்து ஒரே துண்டாகக் கையில் வந்தன. வெட்டிய முனையைக் கூர் இல்லாமல் ராவினார். தொங்கிய உதட்டுத் தோலை அளவாகக் குறைத்து, எங்கேயும் இழுவை இல்லாமல், தானாகக் கரையும் நூலால் தைத்தார். துணிச்சுருளை நான் வெளியே எடுத்து எல்லோருக்கும் காட்டினேன். உள்ளே மறந்துவிட்டால் அதுவே கொல்லும். எடுத்த துண்டு ஆய்வகத்துக்குப் போனது. ஓரங்கள் சுத்தம் என்று பிறகு அறிக்கை வந்தது. அந்தக் கட்டி திரும்ப வரவே இல்லை. ஆனால் அதெல்லாம் பிறகு. ஆசீர்வாதம் கேட்டது அறிக்கை அல்ல.

அடுத்த நாள் விடிந்தது. கலெக்டருக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. தண்ணீர் குடித்தது, பாதியைத் தரைக்குக் கொடுத்தது. அரிசியும் பருப்பும் கோழிச்சாறும் குழைத்த கஞ்சியை முன்னால் வைத்தோம். மோந்து பார்த்தது. கலெக்டர்கள் மனுவைப் பார்ப்பதுபோல் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஷீலா ஊட்டிப் பார்த்தாள். ரூத்தம்மா கெஞ்சினார். பிரின்ஸ் தரையில் குப்புறப் படுத்துத் தானே நக்கிக் காட்டினார். பாஸ்டர் பிஸ்கட்டை நனைத்து நீட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. வீட்டார் டிபன் சாப்பிட்டிருக்கவில்லை. உறவினர் வீட்டில் அன்று காலை கட்டிய கேரியரைத் திறக்காமல் வைத்திருந்தார்கள். எங்களுக்கும் சட்டப்படி டிபன் இல்லை. வெயில் ஜன்னலைத் தாண்டி வந்துவிட்டது. ராவ் சாரின் வயிறு அவர் குரலைவிடச் சத்தமாகப் பேசியது. யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். பசியில் சிரித்தால் நிற்காது. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் சுவரில் சாய்ந்துகொண்டு காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஆசீர்வாதம் மட்டும் சிரிக்கவில்லை. வாசல் பக்கம் தனியாக நின்றிருந்தார். கஞ்சிக் கிண்ணத்தின் பக்கமே வரவில்லை. என்னை ஜாடை காட்டிக் கூப்பிட்டார்.

"போதும்மா" என்றார். "அது மூஞ்சியை என்னால பாக்க முடியல. ஊசி..."

சிரிப்பு அறுந்தது. ராவ் சார் குனிந்து, தையலைப் பிராண்டாமல் இருக்க நாயின் கழுத்தில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் காலரைக் கழற்றினார். "கலெக்டர் காரு," என்றார், "உங்களுக்கு என்ன வேணும்னு நீங்களே சொல்லிடுங்க."

கலெக்டர் எழுந்தது. கஞ்சியைத் தாண்டியது. ரூத்தம்மாவைத் தாண்டியது. பாஸ்டரின் பிஸ்கட்டைத் தாண்டியது. தள்ளாடித் தள்ளாடி வாசலுக்குப் போய், தன் புதிய குட்டை முகத்தை ஆசீர்வாதத்தின் வெள்ளைச் சட்டையில், பக்கவாட்டுப் பையின்மேல் அழுத்தியது. அவர் ஒரு அடி நகர்ந்தார். அதுவும் நகர்ந்தது. மூக்கைப் பைக்குள் விட்டது. எச்சில் சட்டையில் ஆறாக ஓடியது.

"என்ன இது, ரெய்டா?" என்றார் ராவ் சார். "பையில என்ன சார்?"

ஆசீர்வாதம் எங்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பைக்குள் கையை விட்டு ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார். உள்ளே ஒரு இட்லி.

கலெக்டர் பாய்ந்து கவ்வப் பார்த்தது. கவ்வக் கீழே ஒன்றும் இல்லை. இட்லி நழுவி அவர் உள்ளங்கையிலேயே விழுந்தது. நாய் ஒரு கணம் யோசித்தது. தலையைச் சாய்த்தது. நாக்கை இட்லிக்கு அடியில் கொடுத்து, மேல்பல்லால் அழுத்தி, பின்னால் தள்ளியது. தொண்டை ஏறி இறங்கியது. பிறகு வாழையிலையை நக்கியது, கையை நக்கியது, மறுபடியும் பைக்குள் மூக்கை விட்டது.

ஆசீர்வாதம் அப்படியே தரையில் உட்கார்ந்து நாயைக் கட்டிக்கொண்டார். "துன்னுச்சு" என்றார். "தானா துன்னுச்சும்மா." கண்ணீரையும் அதுவே நக்கியது.

ரூத்தம்மாதான் முதலில் விஷயத்துக்கு வந்தார். "இன்னா இது, நேரா உன் பையிலதான் போய் தேடுது? அப்போ வேன்ல அந்த நாலாவது இட்லி?"

ஆசீர்வாதம் வாழையிலையை மடித்துப் பைக்குள் போட்டார்.

"எங்களை அந்தத் திட்டு திட்டுனியே! எந்த ஜெபத்துல குடுத்தே?"

ஆசீர்வாதம் நாயின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நான் பண்ண ஜெபத்துல."

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பாஸ்டர் சிரித்துச் சிரித்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வெளியே காத்திருந்த நாய்களெல்லாம் குரைத்தன. "கணக்கு சரியாப் போச்சு!" என்று ராவ் சார் கத்தினார், அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "டிபன்! எல்லாருக்கும் டிபன்!"

வராந்தா பெஞ்சில் கேரியரைத் திறந்தார்கள். எங்களுக்கும் சேர்த்துத் தட்டு வைத்தார் ரூத்தம்மா. ஆளுக்கு இவ்வளவு என்று இட்லி, மேலே கோழிக் குழம்பு. தின்னப் போகும் முன் பாஸ்டர், ஒரு சின்ன ஸ்தோத்திர ஜெபம் என்றார். எல்லோரும் கண்ணை மூடினோம். பெருமாள் பக்தரான ராவ் சாரும் மரியாதைக்காகத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மூடினார். ஜெபம் சின்னதாக இல்லை.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது ராவ் சாரின் தட்டில் குழம்பு மட்டும் இருந்தது. பக்கத்தில் கலெக்டர், நாக்கு ஒரு பக்கம் தொங்க, எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ராவ் சார் தட்டைப் பார்த்தார். கலெக்டரைப் பார்த்தார். ரூத்தம்மா பதறிப்போய் எடுத்து வைத்த இன்னொரு இட்லியைத் தட்டின் ஓரமாக, நாய்க்கு எட்டும் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"பாஸ்டரய்யா," என்றார், "இன்னொரு ஜெபம் பண்ணுங்க."